முசரவாக்கத்து எரிமலை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் எரிமலை உண்டு என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கோயில் உண்டு, பட்டு உண்டு, இட்லி உண்டு. எரிமலை வேண்டும் என்று இந்த ஊரில் யாரும் வேண்டிக்கொண்டதுகூட இல்லை. ஆனாலும் எழுபத்தைந்தாம் வருஷம் மார்ச் மாதத்தில் முசரவாக்கத்தில் அரசாங்கம் ஒப்புக்கொண்ட எரிமலை ஒன்று இருந்தது. அது இருந்த இடம் துரைக்கண்ணு என்கிற விவசாயியின் கிணற்று மேடு.

முதலில் எரிமலைக் கனிம ஆய்வு மண்டலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி வீட்டில் அந்த அலுவலகம் இருந்தது. எரிமலைப் பாறைகளில் தாமிரமும் வெள்ளியும் சேர்ந்து கிடக்கிற இடங்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. எரிமலைப் பாறையே இல்லாத ஊரில் அந்த அலுவலகம் எதற்கு என்று கேட்கக் கூடாது. மண்டல இயக்குநர் டாக்டர் சீனிவாசனின் மாமியாருக்குத் தினமும் வரதராஜப் பெருமாளைச் சேவித்தாக வேண்டும். அதனால் அலுவலகம் வந்துவிட்டது. எரிமலைதான் பாக்கி.

மற்ற மாதங்களில் இந்தப் பாக்கி யாரையும் உறுத்தாது. மார்ச் வந்தால் உறுத்தும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஏதாவது கண்டுபிடிக்காவிட்டால் மண்டலத்தையே கலைத்துவிடுவோம் என்று அந்த வருஷம் தலைமையகத்திலிருந்து ட்ரங்க் கால் வேறு வந்துவிட்டது. சீனிவாசன் ஜீப்பை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை வயல்வெளிகளில் பாய்ந்துகொண்டிருந்தார். கல்லைக் கண்டால் ஜீப் நிற்கும். மைல்கல்லைக்கூட ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

துரைக்கண்ணுவுக்கும் மார்ச் பொல்லாத மாதமாகத்தான் இருந்தது. மழை பொய்த்துக் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு ஏக்கர் சொச்சத்தில் நவரைப் பட்டத்து நெல் போட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற நேரம். இப்போது ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். வீட்டுக்கு வருஷச் சோறே அந்த நெல்தான். கிணற்றை ஆழப்படுத்த ஆள் பேசிவிட்டார். கிணற்றைச் சுற்றி மண் சரிந்துகொண்டே இருந்ததால், ஆட்கள் காலூன்றி நிற்பதற்காகக் காஞ்சிபுரம் சனாவுல்லா பாய் பட்டறையிலிருந்து ஒரு வண்டி கிட்டம் கொண்டுவந்து கொட்டிப் பரப்பினார்.

சனாவுல்லா பாய் கிழிந்த பட்டுப்புடவைகளை வாங்கி எரித்து, சரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிறவர். வெள்ளியை எடுத்த பிறகு உலையில் மிஞ்சுகிற கசடுதான் கிட்டம். கறுப்பாக, உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். சரிகையில் கலந்த செம்பு அங்கங்கே பச்சையாகப் பூத்திருக்கும். எடுக்கத் தவறிய வெள்ளி கொஞ்சம் மினுக்கும். அவர் அப்பா காலத்திலிருந்து பட்டறைக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. யார் அள்ளிக்கொண்டு போனாலும் பாய்க்குச் சந்தோஷம்.

மறுநாள் காலையில் அந்த வழியாக வந்த ஜீப், இயக்குநருக்கு ஒதுங்க வேண்டியிருந்ததால் நின்றது. கிணற்று மேட்டுப் பக்கம் போன சீனிவாசன் வந்த வேலையை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு கல்லை எடுத்துச் சுத்தியலால் தட்டினார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

துரைக்கண்ணு பதறிப்போய் ஓடிவந்தார். "சார், சார், வாயில வெக்காதீங்க சார். மாடு நிக்கிற எடம் அது."

"பெரியவரே, இது என்ன தெரியுமா?"

"தெரியும் சார். சனாவுல்லா பாய் பட்டறை கிட்டம். நேத்து சாயங்காலந்தான் கொட்னேன்."

சீனிவாசன் இரக்கத்தோடு சிரித்தார். "எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே இருக்கிற வாயு குமிழ் குமிழாக வெளியேறும். இந்த ஓட்டையெல்லாம் அந்தக் குமிழ். பிறகு அந்தக் குமிழுக்குள்ளே தாமிரமும் வெள்ளியும் வந்து உட்காரும். பச்சை தாமிரம், மினுக்குவது வெள்ளி. பல கோடி வருஷத்துச் சமாச்சாரம் இது."

"நேத்து சாயங்காலம் சார்."

"பாய்க்கு இது எங்கேயிருந்து வந்ததாம்?"

"பொடவைய எரிச்சி சார்."

சீனிவாசன் உதவியாளரைப் பார்த்து, "உள்ளூர் நம்பிக்கை. குறித்துக்கொள்" என்றார்.

கல் பரிசோதனைக்குப் போனது. வெள்ளி இருக்கிறது, தாமிரம் இருக்கிறது, தங்கத்தின் சாயல்கூட இருக்கிறது என்று முடிவு வந்தது. உலகத்தில் வேறெந்த எரிமலையிலும் இந்த மூன்றும் இவ்வளவு அழகான கலவையில் கிடைத்ததில்லையாம். முகூர்த்தப் புடவைக்குச் சரிகை வாங்குகிறவர்கள் கேட்பது அதே கலவைதான். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை.

கிணற்று மேட்டைச் சுற்றிக் கழி நட்டார்கள். சிவப்புக் கொடி கட்டினார்கள். கிணறு வெட்ட வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். கனிம மண்டலத்தில் நிலத்தைத் தோண்டும் உரிமை துறைக்கு மட்டும்தானாம்.

துரைக்கண்ணு சைக்கிளை மிதித்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போனார். இயக்குநர் வயலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வயலுக்குத் திரும்பினால் இயக்குநர் அலுவலகம் போயிருந்தார். இப்படிப் போவதும் வருவதுமாக இருந்ததில் சைக்கிள் செயின் இரண்டுமுறை அறுந்தது. ஊருக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் பயிரைத்தான் பார்ப்பார். இலை நுனி சுருண்டுகொண்டு வந்தது.

அவர் மனைவி செல்லியம்மாள் பொறுக்க முடியாமல், "நீ சொன்னா நம்ப மாட்டாங்கய்யா. பாயையே இட்டுக்கினு போ. பொருளுக்குச் சொந்தக்காரரு சொன்னா கேக்காமயா பூடுவாங்க?" என்றாள்.

பாய் நல்ல மனுஷர். கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். வெறும் வாயால் சொன்னால் போதாது என்று, அன்று காலையில் உலையிலிருந்து எடுத்த கிட்டம் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார். அங்கேதான் தவறு நடந்தது. அலுவலக வாசலில் ஜீப்பில் ஏறப்போன சீனிவாசனைப் பிடித்துவிட்டார்கள்.

"சார், இத பாருங்க. காலைல நான் எடுத்தது. அதே கல்லு. எங்க வாப்பா காலத்துலேர்ந்து இதான் எங்க தொழிலு. நீங்க ஒரு தபா பட்டறைக்கு வந்து பாருங்க, போதும்" என்றார் பாய்.

சீனிவாசன் கல்லை வாங்கினார். கையைச் சுட்டது. கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"சூடாக இருக்கிறது" என்றார் மெதுவாக. பிறகு உரக்க, "இன்னும் சூடாக இருக்கிறது! எரிமலை உயிரோடு இருக்கிறது!" என்றார்.

அன்று பிற்பகலே தலைமையகத்துக்கு ட்ரங்க் கால் பறந்தது. சனாவுல்லா பாய் பட்டறை வாசலிலும் ஒரு சிவப்புக் கொடி நட்டார்கள். வரைபடத்தில் அது எரிமலையின் இரண்டாவது வாய். உலையை மூடச் சொல்லவில்லை. தொடர்ந்து எரியட்டும், வெப்பத்தை அளக்க வேண்டும் என்று ஒரு ஆளை வாசலில் உட்காரவைத்தார்கள். அந்த ஆள் பாய் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு வெப்பத்தை அளந்தான்.

"துரை, நான் உனக்கு நல்லது பண்ணலாம்னுதாம்ப்பா வந்தேன்" என்றார் பாய், தலையில் கை வைத்துக்கொண்டு.

உயிருள்ள எரிமலை என்றால் மக்களுக்குப் பாதுகாப்பு ஒத்திகை நடத்த வேண்டும். முசரவாக்கத்து ஜனங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். விசில் ஊதினால் எல்லாரும் தென்னேரி ஏரியைப் பார்த்து ஓட வேண்டும், அக்கினிக் குழம்பு தண்ணீரைக் கண்டால் நின்றுவிடும் என்று ஒரு அதிகாரி விளக்கினார்.

"அம்மாந்தூரம் எப்படி சார் ஓடறது?" என்றாள் செல்லியம்மாள். "ஏரில வேற ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது."

"ஓட வேண்டிய இடம் ஏரி என்று இருக்கிறது. தண்ணீரைப் பற்றி எனக்கு உத்தரவு இல்லை" என்றார் அதிகாரி. விசில் ஊதினார். கொஞ்சம் பேர் வேடிக்கைக்கு ஓடினார்கள். வயதானவர்கள் வேப்பமர நிழல் வரை ஓடி உட்கார்ந்துகொண்டார்கள்.

துரைக்கண்ணு ஓடவில்லை. நேராகச் சீனிவாசனிடம் போனார். அன்றைக்கு எப்படியோ ஆள் அகப்பட்டுவிட்டார்.

"சார், எரிமலை இருந்துட்டுப் போவட்டும் சார். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. கெணத்த மட்டும் ஒரு ஆள் மட்டம் தோண்டிக்கிறேன். பயிரு காஞ்சிக்கினு இருக்குது சார்."

சீனிவாசன் சுற்றும் முற்றும் பார்த்தார். அவரை ஜீப்புக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். குரலைத் தணித்துக்கொண்டார். நான் கேள்விப்பட்டவரை அந்த மனுஷர் தம் சர்வீஸில் பேசிய ஒரே நேர்மையான பேச்சு அதுதான்.

"பெரியவரே, நான் முட்டாள் இல்லை. அந்தக் கல்லை இரண்டாம் தடவை பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் எரிமலை இருக்கிறது என்று சொல்லத்தான் எனக்கு அதிகாரம். இல்லை என்று சொல்கிற அதிகாரம் தலைமையகத்தில் ஒரு கமிட்டிக்கு இருக்கிறது. அந்தக் கமிட்டியை இன்னும் போடவில்லை. இதற்குள் நான் அவசரப்பட்டு உண்மையைச் சொன்னால், அதிகார வரம்பை மீறிய குற்றம். தவிர, எரிமலை இல்லையென்றால் நாங்கள் இத்தனை பேர் எங்கே போவோம்? உங்களுக்கு ஒரு பயிர்தானே? அடுத்த பட்டத்தில் போட்டுக்கொள்ளலாம்."

"அதுவரைக்கும் இன்னாத்த சார் சாப்பிடறது?"

அதற்குள் யாரோ கூப்பிட, சீனிவாசன் போய்விட்டார். துரைக்கண்ணு ஜீப்பின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அழுகை வந்தது.

துளைபோடும் எந்திரம் வந்து இறங்கியது. தொடக்க விழாவுக்குத் தலைமை இயக்குநரே வந்தார். பந்தல் போட்டு, பீடத்தில் பட்டு விரித்து, அதன்மேல் கிட்டத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். பட்டு எரிந்த கசடுக்குப் பட்டு விரிப்பு.

தலைமை இயக்குநர் பேசினார்: "பஞ்சபூதத் தலங்களில் காஞ்சி மண் தலம். அக்கினித் தலம் திருவண்ணாமலை. இன்று முதல் காஞ்சிக்கு அக்கினியும் கிடைத்துவிட்டது. இந்தப் பெருமை முழுக்க எங்கள் துறையைச் சேரும். தரைக்குக் கீழே எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று கேட்கிறார்கள். அது முக்கியமல்ல. எங்கள் துறை ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். அவர்கள் வாயை அடைக்கிற அளவுக்கு வெள்ளி இருக்கிறது. எங்களுக்கு அது போதும். இதனால் நிலச் சொந்தக்காரருக்கு ஏதாவது சிரமம் ஏற்பட்டிருந்தால், அதை அவர் செய்த தியாகமாக ஏற்றுக்கொள்கிறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். துரைக்கண்ணுவுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். அவர் துண்டோடு போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

துளைபோடும் எந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால்தான் எந்திரத்தின் பல் சூடாகாமல் பாறைக்குள் இறங்கும். அதற்காகத் தினமும் பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு டாங்கர் லாரி வந்தது. காய்கிற பயிருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். தண்ணீர் குழாய் வழியாகத் துளைக்குள் போகும். சேறாகத் திரும்பி வந்து ஒரு பள்ளத்தில் தேங்கும்.

"அந்தப் பள்ளத்துல தேங்கன தண்ணியயாவது வயல்ல தள்ளி உடலாமா சார்?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"அது இப்போது தண்ணீர் இல்லை, பெரியவரே. ஆய்வுப் பொருள்" என்றார் சீனிவாசன்.

எந்திரத்தை ஓட்டியவன் பெயர் முனிசாமி. வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சீனிவாசன் ஜீப்பில் ஏறிய பிறகு, குழாயின் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பான். இரண்டு குடம் அளவுக்குத் தண்ணீர் வரப்போரம் கசியும். செல்லியம்மாள் அதை மண்வெட்டியால் இழுத்து விட்டுக்கொள்வாள். சில நாளில் லாரிக்காரன் புகார் சொன்னதில் அதுவும் நின்றுபோயிற்று.

துளை இறங்கியது. கிட்டம் ஒரு சாண். அதற்குக் கீழே களிமண், மணல், பிறகு இந்தப் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் வருகிற அதே பாறை. எரிமலை இன்னும் கீழே இருக்கிறது என்றார் சீனிவாசன். இன்னும் இறக்கினார்கள். பாறையில் ஒரு வெடிப்பைத் தொட்டதும் எந்திரம் திடீரென்று வழுக்கிக்கொண்டு போயிற்று. முனிசாமி நிறுத்திவிட்டுக் குழாயை வெளியே இழுத்தான். உள்ளே ஏதோ கொப்பளித்தது. சற்று நேரத்தில் துளையின் வாய் வரை தண்ணீர் ஏறி, தளும்பி, வெளியே வழிய ஆரம்பித்தது.

துரைக்கண்ணு கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். "தித்திப்புத் தண்ணிம்மே!" என்று கத்தினார். செல்லியம்மாள் ஓடிவந்தாள். முனிசாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் சாமி, நீ நல்லா இருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சேதி கேட்டு வந்த சீனிவாசனின் முகம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. அன்றைக்கு மார்ச் முப்பத்தொன்று.

"மூடிவிடு" என்றார் முனிசாமியிடம்.

"சார்?"

"நிலத்தடி நீர் நம் துறை இல்லை. அடுத்த துறையின் பொருளை நாம் கண்டுபிடித்ததாக வந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? தவிர, முடிவறிக்கை காலையிலேயே போய்விட்டது. தாமிரமும் வெள்ளியும் ஏராளம், ஆனால் சுரங்கம் நடத்த இந்த வட்டாரத்தில் தண்ணீர் வசதி இல்லை, ஆகவே திட்டம் கைவிடப்படுகிறது என்று."

"தோ, தண்ணி வழிஞ்சிக்கினு இருக்குதே சார்!" என்றார் துரைக்கண்ணு.

"அதனால்தான் மூடச் சொல்கிறேன்."

"இன்னிக்கி ஒரு நாளு உடுங்க சார். பயிருக்கு ஒரு தண்ணி பாஞ்சா போதும். நாளைக்கி நானே மூடறேன்" என்றார் துரைக்கண்ணு. கும்பிட்ட கை கீழே இறங்கவில்லை.

"நாளைக்கு ஏப்ரல் ஒன்று. துளையை மூட வாங்கிய இத்தனை மூட்டை சிமெண்டையும் இன்றைக்கே செலவு பண்ணியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எங்களுக்குச் சிமெண்ட் கிடையாது. புரிந்துகொள்ளுங்கள்."

சிமெண்டைப் பிரித்துக் கொட்டினார்கள். குழைக்கத் தண்ணீர் வேண்டும். கடைசி நாள் என்பதால் ஒரு லோடு இறக்கியதும் லாரியைக் காலையிலேயே அனுப்பிவிட்டார்கள்; அந்தத் தண்ணீர் துளைக்கே செலவாகிவிட்டது. சீனிவாசன் செல்லியம்மாளைப் பார்த்து, "அம்மா, உங்கள் வீட்டிலிருந்து நாலு குடம் தண்ணீர்..." என்று ஆரம்பித்தார்.

"கொடம் இருக்குது. தண்ணிக்கி எங்க சார் போவறது?" என்றாள் அவள்.

சீனிவாசன் கொஞ்சம் யோசித்தார். பிறகு துளையைக் காட்டினார். "அதுதான் இருக்கிறதே. அதையே மொண்டு குழையுங்கள்."

முனிசாமி வாளி வாளியாக மொண்டான். ஒவ்வொரு வாளியிலும் பாதி வரப்புப் பக்கம் கொட்டியது. சிந்தாமல் ஊற்று என்று சீனிவாசன் அதட்டினார். "கை நடுங்குது சார்" என்று சொல்லிவிட்டு அவன் இன்னும் அதிகமாகச் சிந்தினான். செல்லியம்மாள் குனிந்து வரப்பை வெட்டிவிட்டாள். தண்ணீர் முதல் நாலு வரிசைப் பயிர் வரைக்கும் போயிற்று. அதற்குள் சிமெண்ட் தயாராகிவிட்டது. துளையை அடைத்தார்கள். மூட்டைகள் மிஞ்சியதால் சுற்றிலும் ஒரு பெரிய மேடையாகவே பூசிவிட்டு, கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

சீனிவாசனுக்கு அந்த வருஷமே பதவி உயர்வு வந்தது. எரிமலையை மாமியாரின் பிரார்த்தனைப் பலன் என்று சொல்லிக்கொண்டாராம்.

திருப்பி அனுப்பிய கிணற்று ஆட்கள் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார்கள்; அவர்கள் வந்து தோண்டுவதற்குள் கதிர் காய்ந்துவிட்டது. சித்திரையில் துரைக்கண்ணு அறுத்தார். தலையில் தூக்கினால் கட்டு கனக்கவே இல்லை. வழக்கமாக மண் தரையில் சாணம் மெழுகித்தான் அடிப்பார்கள். இந்தத் தடவை மெழுகத் தண்ணீர் இல்லாததால் துறையின் மேடைமேல் வைத்து அடித்தார்கள். அடித்ததைத் தூற்றினார்கள். காற்று நன்றாக இருந்தது. முறத்திலிருந்து விழுந்ததெல்லாம் பறந்துபோயிற்று. நாலு வரிசை நெல் மட்டும் காலடியில் நின்றது.

செல்லியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மேடையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"எம்மாம் நல்ல களம் பாருய்யா" என்றாள். "ஒரு வெடிப்பு இல்ல. ஒரு சொட்டு உள்ள எறங்காது, ஒரு சொட்டு வெளிய வராது."